கருவுற்ற பெண்ணும் பணிப் பகிர்வும்: மகப்பேற்று நலச் சட்டங்கள் முதல் திருப்பத்தூர் வட்டார நூறு நாள் வேலை வரை

ஆய்வுச்சுருக்கம்

கருவுற்ற பெண் தொழிலாளிக்கு விடுப்பும் ஊதியமும் வழங்கும் சட்டங்கள், அவர் செய்துவந்த வேலையை அக்காலத்தில் யார் செய்வது என்பது குறித்துப் பெரும்பாலும் பேசுவதில்லை. இவ்வமைதியின் வரலாற்றை 1919 முதல் தொடர்ந்து ஆராயும் இக்கட்டுரை, சிவகங்கை மாவட்டத்தில் 2006-இல் தொடங்கிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில் அவ்வினாவிற்குக் கிடைத்த விடையை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மகப்பேற்று நலம், பணிச்சுமை, பெண் தொழிலாளர், நூறு நாள் வேலை, திருப்பத்தூர், சிவகங்கை.

முன்னுரை

பணியிடத்தில் ஒரு பெண் கருவுறும்போது மூவகைச் சுமைகள் எழுகின்றன. அவருக்குரிய ஊதியத்தை வழங்கும் செலவுச் சுமை முதலாவது. கடின உழைப்பிலிருந்து அவரைக் காக்க வேண்டிய உடற்சுமை இரண்டாவது. அவர் செய்யாது விடும் வேலையை நிறைவேற்றும் பணிச்சுமை மூன்றாவது. முதலிரண்டும் சட்ட வரலாற்றில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. மூன்றாவது, உடன் பணிபுரிவோரின் நல்லெண்ணத்திற்கு விடப்பட்டது. நல்லெண்ணம் இல்லாத இடத்தில் அச்சுமை மனக்குறையாகத் திரிந்து, கருவுற்ற பெண்ணின் மீதே பழியாக விழுகிறது. ஆகவே இது தனிமனிதப் பண்பு பற்றிய சிக்கலா, நிருவாக அமைப்பு பற்றிய சிக்கலா என்னும் வினா இன்றியமையாததாகிறது.

செலவுச் சுமை: யார் பொறுப்பு?

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919-இல் வாஷிங்டனில் கூடிய தன் முதல் மாநாட்டிலேயே மகப்பேற்றுப் பாதுகாப்பு உடன்படிக்கையை ஏற்றது. இந்தியாவில் இதுபற்றிய குறிப்பிடத்தக்க விவாதம் 1928-இல் பம்பாய்ச் சட்ட மேலவையில் நிகழ்ந்தது. மகப்பேற்று நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பேறுகாலத்தில் தாய் ஓய்வு பெறுவது நாட்டின் நலனுக்குரியது என்றார். ஆதலின் அச்செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்றல் தகும் என்பது அவர் கருத்து. எனினும், பெண்களைப் பணிக்கமர்த்துவதால் பயன்பெறும் முதலாளிக்கும் அதில் பொறுப்புண்டு என்று அவர் வாதிட்டார். பம்பாய்ச் சட்டம் 1929-இல் நிறைவேறியது. 1934-ஆம் ஆண்டுச் சென்னை மகப்பேற்று நலச் சட்டம் அதனைத் தொடர்ந்தது.

1948-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் வேறொரு வழியைக் கண்டது. முதலாளிகளும் தொழிலாளர்களும் செலுத்தும் பொது நிதியிலிருந்து மகப்பேற்று நலன் வழங்கப்பட்டமையால், பெண்களை மிகுதியாகப் பணிக்கமர்த்தும் நிறுவனம் தனியே கூடுதல் செலவை ஏற்க நேரவில்லை. 1952-ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையும் தனியொரு முதலாளி இச்செலவிற்குப் பொறுப்பாகக் கூடாது என்றது. ஆயின் 1961-ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம், காப்பீட்டின்கீழ் வாராத நிறுவனங்களில் முழுச் செலவையும் முதலாளியிடமே வைத்தது. 2017-இல் விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தபோதும் இந்நிலை மாறவில்லை.

உடற்சுமை: சட்டம் கண்ட தீர்வு

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, பேறுகாலத்தை அடுத்த ஆறு வாரங்களில் பெண்ணை வேலை செய்ய விடலாகாது என்றது. கருவுற்ற பெண் வேண்டிக்கொண்டால், பேறு எதிர்பார்க்கப்படும் நாளுக்கு முந்தைய ஆறு வாரங்களுக்கும் முன்னதான ஒரு மாத காலத்தில், கடினமான வேலையையோ நெடுநேரம் நின்று செய்யும் வேலையையோ அவருக்குத் தரலாகாது என்றும் அது விதித்தது. வேலையைக் குறைக்கக் கோரும் உரிமை இவ்வாறு தெளிவாக நிலைநாட்டப்பட்டது. குறைக்கப்பட்ட வேலை எங்கே செல்லும் என்பதுபற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இருக்கவில்லை.

நீதிமன்றங்கள் இச்சட்டத்தைத் தொழிலாளர் பக்கம் நின்றே விளக்கின. கோயம்புத்தூர்த் தொழிலாளர் நீதிமன்றத்தில் தோன்றி 1977-இல் உச்ச நீதிமன்றம் முடிவுகண்ட தோட்டத் தொழிலாளி வழக்கில், மகப்பேற்று ஊதியக் கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளும் சேரும் எனத் தீர்ப்பாயிற்று. இழந்த உடல்வலிமையைப் பெண் மீளப்பெறுவதும் குழந்தையைப் பேணுவதும் பணித்திறனைத் தக்கவைப்பதும் இச்சட்டத்தின் நோக்கங்கள் என அத்தீர்ப்பு விளக்கியது. தில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் இவ்வுரிமை உண்டென 2000-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

எஞ்சும் வேலை: விடுபட்ட வினா

தமிழ்நாட்டு அரசுப் பணியில் மகப்பேற்று விடுப்பு 2011-இல் ஆறு மாதங்களாகவும், 2016-இல் ஒன்பது மாதங்களாகவும், 2021 சூலை 1 முதல் பன்னிரண்டு மாதங்களாகவும் உயர்ந்தது. தாய்சேய் நல நோக்கில் இது பெரும் முன்னேற்றம். அதேவேளையில், விடுப்பு நீளுந்தோறும் மூன்றாவது சுமையும் வளர்கிறது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பில் சென்று பதிலி வாராதாயின், மற்றவர் எல்லா வகுப்புகளையும் ஏற்க வேண்டியவராகிறார். அங்கே ஒருவருக்கு அளிக்கப்பட்ட உரிமையின் விலையை அரசு செலுத்தவில்லை. உடன் பணிபுரிபவர் செலுத்துகிறார். அவருக்குத் தோன்றும் மனக்குறை, பதிலியை அமர்த்தாத நிருவாகத்தை விடுத்து, எதிரே நிற்கும் பெண்ணை நோக்கித் திரும்புவது எளிது.

திருப்பத்தூர் வட்டாரமும் நூறு நாள் வேலையும்

இவ்வினா வெளிப்படையாக எழும் இடம் அளவிட்டுக் கூலி தரும் மண்வேலையாகும். தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரி 2 அன்று நாட்டின் 200 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் முதற்கட்டமாகத் தெரிவான ஆறு மாவட்டங்களுள் சிவகங்கையும் ஒன்று. ஆகவே கண்மாய்ப் பாசனத்தை நம்பிய திருப்பத்தூர் வட்டார ஊர்கள் தொடக்கத்திலேயே இத்திட்டத்தினுள் வந்தன. கண்மாய், ஊருணி, வரத்துக்கால்வாய் ஆகியவற்றைத் தூர்வாருதல் தமிழ்நாட்டில் இத்திட்டத்தின் முதன்மை வேலையாயிற்று.

குழுவாக வெட்டிய மண்ணை அளந்து கூலி கணக்கிடுமிடத்தில், கருவுற்ற ஒருத்தி குறைவாக வெட்டினால் இரண்டில் ஒன்று நிகழும்: மற்றவர்கள் கூடுதலாக வெட்ட வேண்டும், அன்றேல் அனைவர் கூலியும் குறையும். இச்சட்டத்தின் விதிகள் இதற்கு மூன்று வழிகளைக் காட்டின. முதலாவது, வேலை மாற்றம். பணியிடத்திற்கு வரும் சிறு குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ இருப்பின், ஒரு பெண்ணை அவர்களைப் பேணும் பணிக்கு அமர்த்தி, அவருக்கும் கூலி தரவேண்டும் என விதிக்கப்பட்டது. குழந்தை பேணல் இங்கே கூலிக்குரிய வேலையாக ஏற்கப்பட்டது. இரண்டாவது, வேலைத் தெரிவு. கருவுற்றோர்க்கும் பாலூட்டுவோர்க்கும் வீட்டிற்கு அருகில் உழைப்புக் குறைந்த வேலைகளைக் கண்டறிய வழிகாட்டு நெறிகள் கூறின. மூன்றாவது, அளவு மாற்றம். பெண்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர்க்குத் தனி வேலை அளவும் கூலி விகிதமும் வகுக்கச் சட்டத்தின் அட்டவணை இடந்தந்தது.

மூன்று வழிகளுக்கும் பொதுவான கூறு ஒன்றுண்டு. குறையும் உழைப்பின் ஈடு உடன் உழைப்போரிடமிருந்து பெறப்படாமல் திட்டத்தின் நிதியிலேயே ஏற்கப்பட்டது. எழுத்தளவிலேனும் மூன்றாவது சுமையைச் சட்டம் கணக்கில் கொண்ட அரிய சான்று இது.

இதன் எல்லையும் கருதத்தக்கது. அதே பெண்கள் நடவிற்கும் களையெடுப்பிற்கும் தனியார் வயல்களில் இறங்கும்போது இவ்விதிகள் துணைவருவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2006-இல் ரூ.6,000 ஆகவும், 2011-இல் ரூ.12,000 ஆகவும், 2018-இல் ரூ.18,000 ஆகவும் உயர்த்தப்பட்டு, இழந்த கூலியை ஓரளவு ஈடுசெய்கிறது. வயலில் அவர் பங்கு வேலையை ஏற்பது நடவுக் குழுவின் உடன்பாட்டையே சார்ந்துள்ளது.

முடிவுரை

மகப்பேற்று நலச் சட்டங்கள் செலவுச் சுமையை முதலாளி, காப்பீட்டு நிதி, அரசு ஆகியோரிடம் பகிர்ந்தளித்தன. உடற்சுமையை விடுப்பாலும் வேலைக் குறைப்பாலும் தணித்தன. எஞ்சும் வேலையைப் பெயரிடாமல் விட்டன. அலுவலகத்திலும் பள்ளியிலும் இன்று எழும் பணிப்பகிர்வுப் பூசல்களுக்கு வேர் இவ்விடுபாட்டில் உள்ளது. உரிமை அளிப்பவர் அதன் விலையையும் ஏற்க வேண்டும் என்பதே 1928-ஆம் ஆண்டு விவாதத்தின் சாரம். அக்கோட்பாட்டை ஊதியத்திற்கு மட்டுமின்றிப் பணிச்சுமைக்கும் விரிக்கும்போது, பதிலி அமர்த்தலும் வேலை அளவை மாற்றியமைத்தலும் நிருவாகத்தின் கடமைகளாகின்றன. படித்தோர் நிரம்பிய அலுவலகங்களுக்கு இன்னும் கிட்டாத அத்தெளிவு, கண்மாய்க் கரையின் மண்வேலைக்கு வகுத்த விதிகளில் முன்னரே இடம்பெற்றுவிட்டது.