இங்கிலாந்தில் மாதர் தேகப்பயிற்சியின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேனாட்டு வைத்தியர் சிலர் பெண்களின் உடல்பற்றி விநோதமானதொரு கணக்கைக் கூறி வந்தனர். பெண்ணுடலில் அமைந்த சக்தி ஓர் அளவினது. அதனைக் கல்வியிற் செலவிடுவாளாயின் தாய்மைக்கு எஞ்சுவது குறையும் என்பதே அக்கணக்கு. 1873இல் அமெரிக்க வைத்தியரான எட்வேட் கிளாக் இக்கருத்தை ஒரு நூலாகவே எழுதினார். மறு ஆண்டில் இங்கிலாந்தின் மனநோய் வைத்தியர் ஹென்றி மோட்ஸ்லி அதனை வழிமொழிந்தார்.

இதற்கு மறுப்புரைத்தவர், 1865இல் இங்கிலாந்திலே வைத்தியத் தகுதி பெற்ற எலிசபெத் கரெற் அன்டர்சன் ஆவர். வீட்டு வேலைக்காரப் பெண்கள் ஒரு நாளேனும் ஓய்வின்றி உழைக்கின்றனரே; அவர்தம் உடல்நலம்பற்றி இவ்வைத்தியர் எவரும் கவலையுறாதது ஏன் என்பது அவர் விடுத்த வினாவின் சாரம். வினா கூரியதே. ஆயினும் வாதத்தால் மட்டும் அச்சம் நீங்குவதில்லை. கண்கூடான சான்று வேண்டியிருந்தது.

அச்சான்று சுவீடன் தேசத்திலிருந்து வந்தது. அங்கே பேர் ஹென்றிக் லிங் என்பார் 1813இல் ஸ்ரொக்ஹோம் நகரில் தேகப்பயிற்சிக்கென ஒரு நிலையத்தை நிறுவியிருந்தார். உடற்கூற்றியலை அடிப்படையாகக் கொண்டு, இன்ன அசைவு இன்ன உறுப்புக்கு என வகுக்கப்பட்ட முறை அவருடையது. போட்டிக்கும் வித்தை காட்டலுக்கும் அதில் இடமில்லை. அந்நிலையத்திற் பயின்ற மார்ட்டினா பேர்க்மன் என்னும் பெண்மணி 1881இல் இலண்டன் பாடசாலைச் சபையின்கீழ்ப் பெண்பிள்ளைகளின் தேகப்பயிற்சிக்குப் பொறுப்பாளராக நியமனம் பெற்றார். திருமணத்தின்பின் பேர்க்மன் ஒஸ்ரர்பேர்க் என அறியப்பட்டவர் இவரே. ஆரம்பப் பாடசாலை ஆசிரியைகளுக்கு லிங் முறையைக் கற்பித்த இவர், 1885இல் ஹம்ஸ்ரெட்டில் மகளிர்க்கெனத் தேகப்பயிற்சிக் கல்லூரியொன்றைத் தொடங்கினார். அக்கல்லூரி 1895இல் கென்ற் மாகாணத்து டாட்ஃபோட்டுக்கு மாறியது.

கல்லூரியில் உடலை அசைத்தல் மாத்திரம் கற்பிக்கப்படவில்லை. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், சுகாதாரம் ஆகியனவும் பாடங்களாயின. பெண்ணுடல்பற்றிப் பேசும் உரிமை வைத்தியர்க்கே உரியதென்றிருந்த காலத்தில், அவ்வுடலின் இயல்பை இளம் பெண்களே முறையாகக் கற்றனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. உடையிலும் புரட்சி நிகழ்ந்தது. இடையை இறுக்கும் கச்சணிந்து எவ்வாறு குனிந்து நிமிர்வது? 1890களில் அக்கல்லூரி மாணவி மேரி ரெயிற் வகுத்த கையில்லாத தளர்ந்த உடை, பின்னர் ஆங்கிலப் பெண்பாடசாலைகளின் சீருடையாகவே பரவியது.

குறையும் இல்லாமலில்லை. கட்டணம் செலுத்திப் பயிலவேண்டிய தனியார் கல்லூரியாதலின் செல்வக் குடும்பத்துப் புதல்வியரே அங்கு புகமுடிந்தது. அன்டர்சன் சுட்டிய வேலைக்காரப் பெண்ணுக்கு அதன் வாயில் திறக்கவில்லை. அன்றியும், வலிய தாயரால் இனம் மேம்படும் என்ற வாதத்தையும் ஒஸ்ரர்பேர்க் கையாண்டார். தாய்மை கெடும் என்றவர்க்குத் தாய்மை சிறக்கும் என்பதே விடையாயிற்று. பெண் தன்பொருட்டே வலிமை பெறலாம் என்ற எண்ணத்துக்கு அக்காலம் அத்துணை இடந்தரவில்லைப் போலும்.

இக்கல்லூரியோடு தொடர்புடையது வலைப்பந்தாட்டம். 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்த கூடைப்பந்தாட்டத்தை ஒஸ்ரர்பேர்க்கின் மாணவியர் கற்றுத் தம் வசதிக்கேற்ப மாற்றினர். 1901இல் அதன் விதிகள் அச்சாயின. பந்தை ஏந்தி ஓடலாகாது என்ற விதிக்கு மாதரின் நீண்ட பாவாடையே காரணமெனச் சிலர் கூறுவர். அது முற்றும் பொருந்தாது. நெய்ஸ்மித் முதலில் எழுதிய விதிகளிலேயே அத்தடை உண்டு. ஆடவர் பின்னர் தட்டியோடும் முறையைப் புகுத்தினர், மாதர் பழைய விதியைக் காத்தனர்.

ஒஸ்ரர்பேர்க் 1915இல் மறைந்தார். ஆங்கிலேயர் ஆட்சி பரவிய நாடுகளின் பெண்பாடசாலைகளுக்கு வலைப்பந்தாட்டமும் சென்றது. இலங்கையிலும் அது வேரூன்றியது. 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில், வலையின் கீழ் நின்று பந்தெறிந்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம்.