தீக்காக்கை: தூரிகை முதல் ஒளிப்படம் வரை

தேனி மாவட்டத்தின் வைகை அணைக்கு வரும் நீரில் ஒரு பகுதி, மேகமலை, வருசநாட்டு மலைகளிலிருந்து இறங்குகிறது. மேகமலையின் மழைக்காடுகளில் வாழும் பறவைகளுள் ஒன்று தீக்காக்கை. பெயரில் காக்கை இருந்தாலும் இது காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆணுக்குக் கருந்தலை, மார்பில் வெண்பட்டை, செந்நிற வயிறு. பெண்ணின் வயிறு காவி நிறம்.

தூரிகை

அறிவியல் உலகுக்கு இப்பறவை ஓவியமாகவே அறிமுகமானது. 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டன், டி பெவெரே என்னும் ஓவியரைக் கொண்டு அத்தீவின் உயிரினங்களை வரையச் செய்தார். அந்த ஓவியங்களின் துணையுடன் தாமஸ் பென்னன்ட் 1769இல் தீக்காக்கையை விவரித்தார்.

துப்பாக்கி

பின்னர் பறவையியல் துப்பாக்கியைச் சார்ந்தது. பறவையைச் சுட்டு, தோலைப் பாடம் செய்து வைப்பதே ஆய்வு முறை. 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் பறவைக் கணக்கெடுப்பு நடத்திய சலீம் அலியும் அவ்வாறே சேகரித்தார். அம்முறையால் பயனும் இருந்தது. 1948இல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் சேகரித்த பழந்தின்னி வௌவால் வேறோர் இனமாகக் கருதப்பட்டுக் கிடந்தது. 1972இல்தான் அது புதிய இனம் எனத் தெரிந்து, சலீம் அலியின் பெயரைப் பெற்றது.

ஒளிப்படம்

உயிரைப் பறிக்காமல் பதிவு செய்யும் வழியை ஒளிப்படம் தந்தது. தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன் (1912–1996) கருப்பு வெள்ளைப் படங்களாலும் எழுத்தாலும் காட்டுயிர்களை மக்களிடம் கொண்டு சேர்த்தார். ஆனால் தீக்காக்கை எளிதில் படத்தில் சிக்குவதில்லை. நிழலில் அசையாமல் அமர்ந்திருக்கும். ஆளைக் கண்டால் மங்கிய பழுப்பு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். குறைந்த வெளிச்சத்திலும் படமெடுக்கும் எண்மக் கருவிகள் வந்தபின் இச்சிக்கல் குறைந்தது.

அதனுடன் புதிய தொல்லையும் வந்தது. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைத்தால், எதிரி புகுந்ததாக எண்ணிப் பறவை இரை தேடுவதை விட்டு அலைகிறது. உளுத்த பட்டைமரத்தைக் குடைந்து, பெரும்பாலும் இரண்டு முட்டைகளே இடும் பறவை இது. கூட்டருகே ஆட்கள் கூடினால் அடைகாத்தல் கெடும்.

மேகமலைக் காடுகள் 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தன. காடு காக்கப்பட்டாலும், விறகுக்காகவோ பார்வைக்கு இடைஞ்சல் என்றோ பட்டைமரத்தை அகற்றினால் தீக்காக்கைக்குக் கூடு இல்லை. கூட்டிலிருந்து விலகி நின்று, விளக்கொளி பாய்ச்சாமல் எடுத்த மங்கலான படமும் நல்ல ஆவணமே.