பல்கலைக்கழக அணி ஏறியதும் இறங்கியதும்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை வழியே வருவோர், ஷா ஆலம் மேட்டின்மீது மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைக் காண்பர். இந்நகர் எழுமுன் அப்பகுதியில் இருந்தது சுங்கை ரெங்கம் தோட்டம். பால்மரம் நின்ற நிலத்தில் இன்று காற்பந்து அரங்கம் நிற்கிறது.

1956இல் 'ரிடா' பயிற்சிக் கூடமாகத் தோன்றி, 1967இல் தொழில்நுட்பக் கழகமாகி, 1999இல் பல்கலைக்கழகப் பெயர் பெற்ற நிலையம் அது. அதன் காற்பந்து அணி 2020இல் மலேசிய சூப்பர் லீக்கில் இடம் பெற்றது. நாட்டின் முதல்நிலைப் போட்டியில் ஒரு பல்கலைக்கழக அணி ஆடியது அதுவே முதன்முறை.

அது ஏறிய வழி விசித்திரமானது. 2019இல், இரண்டாம் நிலையான பிரிமியர் லீக்கில் அது பெற்றது ஐந்தாம் இடமே. ஆயினும் முன்னே நின்றவற்றுள் சில, பெரிய கழகங்களின் துணையணிகள். அவை மேலே செல்ல விதி இடந்தரவில்லை. இதனை அதிர்ஷ்டம் என்பாரும் உளர். இருக்கட்டும். ஏறிய பின்னர் ஆடியது அதிர்ஷ்டத்தாலன்று. ஜெர்மானியப் பயிற்றுநர் பிராங்க் பெர்ன்ஹார்ட்டின் கீழ், பெருந்தொற்றினால் பதினோர் ஆட்டங்களாகச் சுருங்கிய அப்பருவத்தில், பன்னிரண்டு அணிகளுள் ஆறாவதாக நின்றது. மறு ஆண்டு ஆட்டங்கள் இருபத்திரண்டு. அணி கடைசி இடத்திற்குச் சரிந்து கீழிறங்கிற்று.

ஓராண்டில் பயிற்றும் கலை மறந்துபோகுமா? குறும்பருவத்தில் ஊக்கமே பாதி வெற்றி தரும். நெடும்பருவம் பணத்தையும் மாற்றாட்களையும் கேட்கும். லெபனானின் ரபி அத்தாயா போன்ற வெளிநாட்டாரையும் சேர்த்தே அவ்வணி ஆட வேண்டியிருந்தது. மாணவனோ படிப்பு முடிந்ததும் போய்விடுவான். லீக்கில் இடத்தைக் காப்பது ஒரு வேலை. ஆட்டக்காரனை ஆக்குவது வேறு வேலை. முன்னதைக் கழகங்களுக்கு விட்டுவிட்டுப் பின்னதைப் பல்கலைக்கழகம் ஏற்பதே தகும் என்பது என் கருத்து. விளையாட்டு அறிவியலுக்குத் தனிப்புலமே அங்கு உண்டே!

ஆக்குவதற்குக் காலம் வேண்டும் என்பதற்குச் சான்று கே. ராஜகோபால். செத்தாப்பாக்கில் 1956இல் பிறந்தவர். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடியவர். 2009இல் வியந்தியானில் அவருடைய இளைஞர்கள் வியட்னாமை 1–0 என வென்று, இருபதாண்டுகளுக்குப் பின் சீ விளையாட்டுத் தங்கத்தை மீட்டனர். அவர்களுள் பலரையே கொண்டு மறு ஆண்டு தென்கிழக்காசியக் கிண்ணத்திற்குச் சென்றார். முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1–5 எனத் தோல்வி! பயிற்றுநரை மாற்றிவிடுவதற்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்? மாற்றவில்லை. அதே இந்தோனேசியாவை இறுதியாட்டத்தின் முதற்சுற்றில், டிசம்பர் 26ஆம் நாள் புக்கிட் ஜாலிலில், 3–0 என வென்றனர். மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1–2 எனத் தோற்றும், மொத்தக் கணக்கில் கிண்ணம் நமதாயிற்று. மலேசியாவுக்கு அதுவே முதற்கிண்ணம்.

மாரா பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பு பூமிபுத்திரருக்கு உரியது. நம் பிள்ளைகள் அவ்வாயிலால் நுழைய இயலாது. அவர்களுக்கு வாய்த்தவை தோட்டத்துத் திடலும், ஊர்க் கழகமும், மாநில அணியுமே. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்புகளாக மாறியபோது லயங்களோடு திடல்களும் மறைந்தன. எஞ்சியிருப்பது தமிழ்ப்பள்ளித் திடல். ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் பயிற்றுநர் சான்றிதழ் படிப்படியாக உயர்கிறது. அந்த முதற்படியில் ஏறப் பட்டம் வேண்டியதில்லை. நம் ஆசிரியருள் எத்தனை பேர் அதற்கு எழுதிப் போட்டிருக்கிறோம்?