தோள்சீலையும் திரைச்சீலையும்

படக்காட்சியில் ஒரு நடிகை உடுத்திவந்த சேலையைக் குறித்துச் சரித்திரம் எழுதப் புகுவது வீண் வேலையன்றோ என்று நம் நண்பர்களிற் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர்கள் தத்தம் வீட்டுப் பெண்டிரைக் கேட்டுப் பார்க்கட்டும். தீபாவளி ரவிக்கைக்குக் கை எவ்வளவு நீளம், கழுத்து எவ்வளவு இறக்கம் என்பதை ஜெலுத்தோங் வீடுகளிலும் ரப்பர்த் தோட்டத்து லயங்களிலும் நெடுங்காலமாகத் தீர்மானித்து வந்தது பாட்டியுமன்று, புரோகிதருமன்று, வெள்ளித்திரையே. ஒரு ஜனசமூகத்தின் உடம்பின்மீது இத்துணை அதிகாரம் செலுத்தும் தொழிலுக்குச் சரித்திரம் வேண்டாமென்றால், அரசர்கள் மணம் முடித்த நாட்களுக்கு மட்டும் அது எதற்கு?

1858-ஆம் ஆண்டில் பாரிஸ் பட்டணத்தில் சார்லஸ் வொர்த் என்னும் இங்கிலீஷ்காரர் ஒரு தையற்சாலை திறந்தார். அதுவரையில் சீமாட்டி துணியைக் கொடுத்து இப்படித் தை என்பாள். தையற்காரன் குனிந்து தைப்பான். வொர்த் அம்முறையைத் தலைகீழாக்கினார். உடையின் உருவைத் தாமே கற்பித்தார். உயிருள்ள பெண்களுக்கு உடுத்திக் காட்டினார். ஓவியன் கையொப்பமிடுவதுபோல் உடையின் உட்புறத்தில் தம் பெயர்ச் சீட்டைத் தைத்துவைத்தார். உயர்ந்த நாகரிக உடை என்று உலகம் இன்று போற்றும் தொழில் அங்கேதான் உருப்பெற்றது.

அதற்கு மறு ஆண்டு நம்மவர் நிலை யாது? 1859 ஜூலை 26-ஆம் நாள் திருவாங்கூர் சமஸ்தானம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. சாணார் என்று அந்நாளில் இழித்துரைக்கப்பட்ட நாடார் குலப் பெண்கள் இனித் தம் மார்பை மறைத்துக்கொள்ளலாமாம்! ஆயினும் உயர்ஜாதிப் பெண்டிர் மேலாடை அணியும் விதத்தில் மட்டும் அணியலாகாதாம்! இந்த அரைகுறை அனுமதிக்காக அப்பெண்கள் பல்லாண்டுகள் அடிபட்டனர், சந்தையில் ரவிக்கைகள் கிழிக்கப்பட்டன, குடிசைகள் கொளுத்தப்பட்டன. சென்னை கவர்னர் டிரெவிலியன் நெருக்கிய பின்னரே சமஸ்தானம் இவ்வளவேனும் இறங்கிற்று. பாரிஸில் உடை ஒரு கலைஞனின் பெயரைத் தாங்கிய காலத்தில், தமிழ் வழங்கிய தென் திருவாங்கூரில் அது உடுத்தவளின் ஜாதிப் பெயரைத் தாங்கியிருந்தது. நாம் படவுடையைப் பற்றிப் பேசும்போது இவ்விரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

நாடகக் கம்பெனிகள் இந்தக் கட்டை முதலில் விளையாட்டாக அறுத்தன. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துக் கம்பெனிகளிலே ராஜபார்ட்டுக்காரன் பகலில் எந்தத் தெருவில் நுழையக்கூடாதவனாயினும், இரவில் வெல்வெட்டும் ஜிகினாவும் கண்ணாடிக்கல் பதித்த அட்டைக் கிரீடமும் தரித்துச் சிங்காதனம் ஏறினான். விளக்கொளி மங்கல், பார்ப்பவர் தூரத்தில், ஆதலால் துணி மின்னியே தீரவேண்டும். தெய்வங்களின் உடையோ வேறிடத்திலிருந்து வந்தது. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சுக்கூடத்தின் வண்ணப் படங்கள் சுவர்தோறும் தொங்கின. சரஸ்வதியும் லக்ஷ்மியும் அவற்றிலே சேலை உடுத்தினர். அவ்வச்சுக்கூடத்தில் வேலை பார்த்த பால்கே என்பவர்தாம் 1913-இல் 'ராஜா அரிச்சந்திரா'வைப் படம் பிடித்தார். 1931 அக்டோபர் 31-இல் முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' வெளிவந்தபோது, நம் திரையுலகம் இந்த இரு பெட்டிகளையும், அதாவது கம்பெனிப் பெட்டியையும் ரவிவர்மாப் பெட்டியையும், அப்படியே சுமந்துகொண்டு வந்தது. புராணப் படங்களின் மேல் நமக்குள்ள மனக்குறைகளில் இதுவும் ஒன்று. வால்மீகி காலத்தவரும் வடநாட்டுச் சித்திரச் சேலையிலேயே நடமாடினார்கள்.

எனினும் தையற்காரனின் திறமையை நாம் குறைத்துரைக்க மாட்டோம். கறுப்பு வெள்ளைப் படத்தில் வர்ணம் என்பது இல்லை. சிவப்புப் பட்டும் பச்சைப் பட்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். ஆதலால் கரையின் அகலத்தையும் சரிகையின் பளபளப்பையும் கொண்டே நாயகியைத் தோழியரினின்று பிரித்துக் காட்டவேண்டும். பேசும் படம் வந்த பின் இன்னொரு தொல்லை: கஞ்சி போட்ட துணியும் மொறுமொறுப்பான பட்டும் ஒலிவாங்கியில் சரசரத்தன. பாரிஸ் உடை நாற்புறமும் நின்று பதில் சொல்லவேண்டும். படவுடை காமிரா பார்க்கும் பக்கத்தில் மட்டும் பதில் சொன்னாற் போதும். பின்புறம் ஊசி குத்தியிருந்தாலும் யாருக்குத் தெரியும்? இதுவே இரண்டிற்கும் உள்ள பெரிய வேற்றுமை. மற்றபடி, ஒருவர் உடம்புக்கென்று அளந்து தைப்பதும், பிறகு அது மலிந்த துணியில் ஆயிரமாகப் பெருகுவதும் இரண்டிற்கும் பொது.

அமெரிக்காவில் இந்த உறவு வெளிப்படையாக நடந்தது. 1932-இல் ஜோன் கிராஃபர்டுக்காக ஏட்ரியன் என்பவர் தைத்த வெண்ணிற உடை ஒன்றைக் கடைகள் பார்த்துப் பார்த்துப் படியெடுத்து விற்றன. அவரே பின்னர்ப் படக்கம்பெனியை விட்டு 1942-இல் சொந்தத்தில் உடைக்கடை வைத்துக்கொண்டார். பாரிஸ் ஷானெலையும் 1931-இல் ஹாலிவுட்டுக்கு அழைத்தார்கள். அம்மையாருக்கு அவ்வூர் ஒத்துவரவில்லை.

மலாயாவில் நடந்ததையும் கூறுவோம். ஜெலுத்தோங்கிற்கு அணித்தாகிய பழைய கவுண்டர் ஹால் சாலையில் 1929-இல் பிறந்தவர் பி. ரம்லி. 1950-இல் அவரைக் கதாநாயகனாக்கிய 'பக்தி' என்னும் மலாய்ப் படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர். ரம்லியின் மனைவியாகிய சலோமா, உடலோடு ஒட்டித் தைத்த கெபாயாவை உடுத்திப் பாடினார்; தையற்கடைதோறும் அந்த வெட்டு பரவிற்று. மலாய்க்காரர் கட்டும் பெலேகாட் கைலியின் பெயர் நம் பழவேற்காட்டிலிருந்து வந்ததென்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம். துணி அங்கிருந்து வந்தது. வெட்டு இங்கே பிறந்தது.

1929-ஆம் ஆண்டு இறுதியில் பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கிய பெரியார், பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு ஆடவரைப்போல் எளிய சட்டை அணியவேண்டுமென்று எழுதியவர். திரையோ அதற்கு நேர்மாறாகச் சேலையின் மடிப்புகளை மேன்மேலும் பெருக்கிற்று. இவ்விஷயத்தில் நாம் பெரியார் பக்கமே நிற்கிறோம். ஆனால் வென்றது சேலை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்தியாவில் உடைக்கலைக்கு முதல் ஆஸ்கார் பரிசு பெற்றவர் கோலாப்பூரில் பிறந்த பானு அத்தையா. அவர் தொடங்கியதும் படத்தில் அன்று. பெண்கள் பத்திரிகை ஒன்றுக்கு நாகரிக உடைச் சித்திரம் வரைந்துகொண்டிருந்தவர், பின்பு உடைக்கடையில் தைத்து, அங்கு வந்த நடிகையர் வழியாகத் திரைக்குச் சென்றார். 1983-இல் அவர் ஜான் மொல்லோவுடன் பகிர்ந்து பெற்ற பரிசு 'காந்தி' படத்திற்கு. 1921 செப்டம்பரில் மதுரையிலே சட்டையைக் களைந்து அரைவேட்டி உடுத்த ஒருவரின் கதைக்கு உடைப் பரிசு! இதிலுள்ள வேடிக்கையை நாம் ரசிக்கிறோம். ஆயினும் கதரின் முரட்டுத்தனத்தைத் திரையில் கொணர்வது சரிகையைக் கொணர்வதினும் கடினம்.

அதே மதுரை அரைவேட்டிக்கு மறுமொழி 2016-இல் வந்தது, அதுவும் மலேசியத் தமிழரின் கதையாக. பா. இரஞ்சித் இயக்கிய 'கபாலி'யில் தோட்டத் தொழிலாளர் மரபில் வந்தவனாக இரஜினிகாந்த் தோன்றினார். உடைகளை அமைத்தவர் அனு வர்தன். 2007-இல் மலேசியாவில் எடுத்த 'பில்லா'வுக்குக் கோட்டும் சூட்டும் தைப்பித்தவரும் அவரே. ஆனால் 'பில்லா'வின் கோட்டு அழகுக்கு; கபாலியின் கோட்டு வழக்குக்கு. காந்தி சட்டையைக் கழற்றியதற்கும் அம்பேத்கர் கோட்டு அணிந்ததற்கும் காரணம் உண்டென்று கதாநாயகனே வாய்திறந்து சொல்கிறான். உடுத்த உரிமையுள்ளவன் களைவது தியாகம். உடுத்தவே விடப்படாதவன் அணிவது கலகம். திருவாங்கூர்ச் சந்தையில் கிழிக்கப்பட்ட ரவிக்கையும் இந்தக் கோட்டும் ஒரே துணியில் வெட்டியவை என்றே நாம் கருதுகிறோம். வியாபாரம் இதையும் விடவில்லை. ஆகாய விமானத்தின்மேல் கோட்டணிந்த கபாலியின் உருவைத் தீட்டிப் பறக்கவிட்டார்கள்.

பினாங்குத் தையற்கடைகளுக்குத் தீபாவளிக் காலத்தில் சென்றால், ஒரு பெண் கைப்பேசியில் நடிகையின் படத்தை நீட்டி, "அண்ணே, இதே மாதிரிக் கை வைத்துத் தையுங்கள்" என்பதைக் கேட்கலாம். தையற்காரர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறார். முன்புறம் மட்டுந்தான் தெரிகிறது. முதுகுப்புறம் எப்படி இருக்கும் என்பதை அவரே கற்பித்துக்கொண்டு, அளவு நாடாவைக் கையில் எடுக்கிறார்.