ஊசிமுனையின் வரலாறு

1922 சனவரியில், ரொறன்ரோ நகர மருத்துவமனையொன்றில், நீரிழிவால் நலிந்த 14 வயதுச் சிறுவனொருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. மரணத்தின் வாயிலில் நின்றோர் வாழத் தலைப்பட்டனர். ஆயின், அவ்வாழ்வுக்கு நாள்தோறும் ஊசி வேண்டியிருந்தது; அடிக்கடி இரத்தச் சோதனையும் வேண்டியிருந்தது.

1926இல் சுவீடனின் லுண்ட் நகர மருத்துவர்கள் வெளியிட்ட அறிக்கையொன்று, அங்கு சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளரிடையே செங்கமாரி பரவியதை விவரித்தது. சோதனைக்கு இரத்தமெடுக்கத் தோலைக் குத்திய கருவி, செவ்வனே தூய்மை செய்யப்படாது ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சென்றமையே காரணமெனக் கருதப்பட்டது.

அந்நோயின் கிருமியை அன்று எவரும் அறியார். 1965இல் புளூம்பேர்க் குழுவினர் வெளியிட்ட கண்டுபிடிப்பே ‘பி’ வகை ஈரலழற்சி வைரசை இனங்காண வழிவகுத்தது. 1980களில் தடுப்பூசியும் வந்தது. எனினும், ஐக்கிய அமெரிக்காவின் முதியோர் பராமரிப்பு இல்லங்கள் சிலவற்றில் இரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவிகள் பலருக்கும் பொதுவாயின. நோய் மீண்டும் பரவியது. 2011இல், 60 வயதுக்குட்பட்ட நீரிழிவுற்ற வளர்ந்தோருக்கு அத்தடுப்பூசி அங்கு விதந்துரைக்கப்பட்டது.

அறியாமை நீங்கிய பின்னும் நோய் பரவியதெனின், குற்றம் நோயாளியின் இரத்தத்திலன்று; பல உடல்களுக்கு ஒரு கருவியே போதுமெனக் கணக்கிடும் சிக்கனத்திலும் அசிரத்தையிலுமே உள்ளது. ஆளுக்கோர் ஊசி என்பது சலுகையன்று, நோயாளியின் உரிமை.