முதலில் மறியல், பின்னர் பள்ளி

விக்டோரியா மகாராணியார் காலத்து இங்கிலாந்திலே, சிறு களவு செய்த பாலகரும் மறியற்சாலை புகுந்தனர். அங்கே அவர் கற்றது மேலும் களவே. இந்நிலை கண்டு வருந்திய மேரி காப்பென்டர் அம்மையார், 1852இல் பிறிஸ்டல் நகருக்கு அண்மையிலுள்ள கிங்ஸ்வூட்டிலே சீர்திருத்தப் பாடசாலையொன்றை நிறுவினார். 1854இல் சிறுமியருக்கென ‘ரெட் லொட்ஜ்’ இல்லத்தைத் திறந்தார்.

அவ்வாண்டு பிறந்த சட்டம், 16 வயதுக்குட்பட்ட குற்றவாளியை 2 முதல் 5 ஆண்டு வரை இத்தகைய பாடசாலைக்கு அனுப்ப இடமளித்தது. ஆயின், அதற்குமுன் 14 நாளேனும் அவன் மறியலில் இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. தண்டித்த பின்னரே திருத்தலாம் என்பது சட்டஞ் செய்தோர் கொள்கை. அம்மையார் இதனை எதிர்த்தார். 1877இல் அவர் மறைந்தார். அவ்விதியோ 1899இலேதான் முற்றாக நீங்கிற்று.

பிள்ளையைத் திருத்த முனையும் நாமும் முதலிற் பிரம்பையே தேடுகின்றோமா? நம் நெஞ்சையே கேட்போமாக.