மைசூர்ப் போர்களுக்குப் பின் கொங்கு நாடு: கும்பினியின் உடன்படிக்கைகளும் படைக்கொள்கையும்

மைசூர் அரசோடு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி 1767 முதல் 1799 வரை நான்கு போர்கள் நடத்தியது. முதல் மூன்றிலும் அதன் படை கோயம்புத்தூருக்குள் நுழைந்தது. மூன்று முறையும் ஊர் மைசூரிடமே திரும்பியது. நான்காம் போருக்குப் பின் 1799-இல் செய்த உடன்படிக்கையில்தான் கொங்கு நாடு கும்பினி வசமானது. ஒரே நிலத்துக்கு மூன்று தடவை ஒரு முடிவும் நான்காம் தடவை வேறு முடிவும் எடுக்கப்பட்டதற்கான காரணங்கள் சென்னைக் கோட்டையிலும் கல்கத்தாவிலும் லண்டனிலும் இருந்தன.

கொங்கின் மதிப்பு அதன் இருப்பிடத்தில் இருந்தது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை அறுபட்டுக் கிடக்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய். பீரங்கி வண்டிகளோடு சோழமண்டலக் கரையிலிருந்து மலபார்க் கரைக்குப் போக இதைவிடச் சுலபமான வழி தெற்கில் இல்லை. வடக்கே சத்தியமங்கலத்தை அடுத்த கஜல்ஹட்டிக் கணவாய் நேராக மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏறுகிறது. திப்பு சுல்தான் 1790 செப்டம்பரில் அந்த வழியே இறங்கித்தான் சத்தியமங்கலத்தில் கும்பினிப் படையைத் தாக்கினார்.

முதல் போரில், 1768-இல், கோயம்புத்தூரைப் பிடித்த கும்பினி அந்த ஆண்டு முடிவதற்குள் அதை ஹைதர் அலியிடம் இழந்தது. 1769 மெட்ராஸ் உடன்படிக்கை அந்த நிலையை ஒப்புக்கொண்டது. இரண்டாம் போரின் முடிவு இன்னும் விசித்திரமானது. கர்னல் ஃபுல்லர்ட்டன் 1783 நவம்பரில் பாலக்காட்டுக் கோட்டையையும் கோயம்புத்தூரையும் பிடித்து, ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிப் புறப்படத் தயாராக நின்றார். அதே வேளையில் சென்னை கவர்னர் மெகார்ட்னியின் தூதர்கள் திப்புவோடு சமாதானம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிடித்ததை விட்டுத் திரும்பும்படி ஃபுல்லர்ட்டனுக்கு உத்தரவு வந்தது. 1784 மார்ச் 11-இல் கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கை பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பித் தர வகை செய்தது.

அதே 1784-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பிட் இந்தியச் சட்டம், இந்தியாவில் நாடு பிடிக்கும் திட்டங்கள் தங்கள் தேசத்தின் விருப்பத்துக்கும் மானத்துக்கும் மாறானவை என்று அறிவித்தது. மூன்றாம் போரை (1790–92) வென்ற கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் அந்தச் சட்டத்தின் நிழலில் செயல்பட்டவர். மராத்தியர், நிஜாம், மைசூர் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் தடுத்து நிற்க வேண்டும், அதற்குத் திப்பு தளர்ந்தாலும் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் செய்த உடன்படிக்கை திப்புவின் நாட்டில் ஏறத்தாழப் பாதியைப் பறித்தது. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கேட்டது. அவருடைய பிள்ளைகள் இருவரைப் பிணையாக வாங்கிக்கொண்டது.

கொங்கு நாட்டில் கோயம்புத்தூர்ச் சீமை மட்டும் திப்புவிடம் விடப்பட்டது. இது தாராளம் என்று எண்ணினால் தவறு. கிழக்கே சேலம், நாமக்கல், சங்ககிரி, பரமத்தி. தெற்கே திண்டுக்கல், பழனி, விருப்பாச்சி. மேற்கே பாலக்காடு எல்லாம் கும்பினிக்குப் போயின. மூன்று பக்கமும் அடைத்துவிட்டு வடக்கே கணவாய்களை மட்டும் விட்டுவைத்த நிலத்தைத் திப்புவால் ஒரு பெரிய போரில் காப்பாற்றியிருக்க முடியாது. 1792 முதல் 1799 வரை ஏழாண்டுகள் காவிரியே இங்கு எல்லை. ஈரோடும் பவானியும் திப்புவின் சீமை; அக்கரையில் சங்ககிரிக் கோட்டையில் கும்பினிப் படை. கொங்கு நாடு ஆற்றங்கரையோடு இரண்டாகப் பிளந்து கிடந்த காலம் அது.

காவிரியின் கிழக்குக் கரையில் கார்ன்வாலிஸ் இன்னொரு சோதனையையும் தொடங்கினார். சேலம், பாராமகால் சீமைகளின் நிர்வாகத்தை அவர் சிவில் அதிகாரிகளிடம் கொடுக்கவில்லை. நாட்டு மொழி தெரிந்த படை அதிகாரிகளிடம் கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு தலைவர். தாமஸ் மன்றோ, வில்லியம் மக்லியோடு, கிரகாம் ஆகியோர் துணைவர். நிலத்தை அளந்து குடியானவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை அவர்கள் கையில் உருவெடுத்தது. நடுவே இருந்த பாளையக்காரரின் இடம் அதில் சுருங்கியது. வரிச் சீர்திருத்தமாகவே பேசப்படும் இந்த முறைக்குப் படைத்துறைப் பயனும் உண்டு: பாளையக்காரரிடம் வரி நிற்காவிட்டால் அவர்களிடம் ஆள்படையும் நிற்காது.

1798-இல் வந்த கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லெஸ்லி கார்ன்வாலிஸின் சமநிலைக் கணக்கை ஏற்கவில்லை. அவ்வாண்டு நெப்போலியன் எகிப்தில் இறங்கியிருந்தார். திப்பு பிரெஞ்சுத் துணையைத் தேடியது போருக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. 1799 மே 4-இல் திப்பு போரில் வீழ்ந்தார். மைசூரைப் பங்கிட அமைத்த ஆணைக்குழுவில் ஜெனரல் ஹாரிஸ், வெல்லெஸ்லியின் தம்பியரான ஆர்தர், ஹென்றி, அவர்களோடு கிர்க்பாட்ரிக், பாரி குளோஸ் ஆகியோர் இருந்தார்கள். மன்றோவும் மால்கமும் அதன் செயலர்கள். ஜூன் 22-இல் முடிந்த பங்கீட்டு உடன்படிக்கை கன்னடக் கரை, வயநாடு, கோயம்புத்தூர், தாராபுரம் ஆகியவற்றைக் கும்பினிக்கு ஒதுக்கியது. கணவாய்களின் அடிவாரம் முழுக்க ஒரே கையில் சேர்ந்தது. கடலிலிருந்து கடல் வரை அந்நியர் மண்ணை மிதிக்காமல் படை நடக்க வழி கிடைத்தது. ஜூலை 8-இல் உடையார் குலச் சிறுவன் மூன்றாம் கிருஷ்ணராஜரோடு செய்த துணைப்படை ஒப்பந்தத்தின்படி மைசூர் ஆண்டுக்கு 7 லட்சம் ஸ்டார் பகோடா கட்ட வேண்டும். தன்னைக் காவல் காக்கும் அந்நியப் படைக்குத் தானே சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு இது.

புதிதாகக் கிடைத்த சீமையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவர வெல்லெஸ்லி 1800-இல் மருத்துவர் பிரான்சிஸ் புக்கானனை அனுப்பினார். அவருடைய பயண நூல் 1807-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. ஹைதர் காலத்தில் சுமார் 3,000 வீடுகள் இருந்த ஈரோடு, திப்பு காலத்தில் சுருங்கி, கும்பினித் தளபதி ஜெனரல் மெடோஸின் படையெடுப்பில் அடியோடு அழிந்து, இப்போது சுமார் 400 வீடுகளோடு மறுபடி எழுகிறது என்று அவர் எழுதுகிறார். உடன்படிக்கைகளில் எங்கும் காணாத கொங்கு மக்களின் போர்ச்செலவை அந்த ஒரு குறிப்பு காட்டிவிடுகிறது. அதை எழுதியவர் கும்பினியின் சம்பளக்காரர் என்பதால் அதற்கு எடை கூடுகிறது.

பங்கீட்டு மேசையில் பாளையக்காரர் எவருக்கும் இடம் இல்லை. அவர்கள் பதில் 1800 ஜூன் 3-இல் வந்தது. தீரன் சின்னமலை, விருப்பாச்சி கோபால நாயக்கர் முதலியோரின் கூட்டணி, வடக்கே கிளர்ந்திருந்த துந்தாஜி வாக்கோடு தொடர்பு வைத்துக்கொண்டு, கோயம்புத்தூரில் இருந்த கும்பினிக் குதிரைப்படையைத் தாக்கத் திட்டமிட்டது. முயற்சி தோற்றது, பிடிபட்டோர் பலர் தூக்கிலிடப்பட்டனர். செப்டம்பரில் துந்தாஜி ஆர்தர் வெல்லெஸ்லியின் படையோடு போரிட்டு மாண்டார். 1801-இல் கோபால நாயக்கர் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 1-இல் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்சீமைகளில் ஆயுதங்களைப் பறிமுதல் செய்யவும் கோட்டைகளை இடிக்கவும் ஆணையிட்டது. ஓடாநிலையில் கோட்டை கட்டியிருந்த சின்னமலை 1805 வரை எதிர்த்து நின்றார். அவ்வாண்டு ஜூலை 31-இல், ஆடிப் பதினெட்டன்று, சங்ககிரிக் கோட்டையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். இன்றும் கொங்கில் ஆடிப்பெருக்கு அவர் நினைவு நாளாகவும் இருக்கிறது.

பவானியில் மக்லியோடும் தாராபுரத்தில் ஹர்டிஸ் என்ற அதிகாரியும் தனித்தனியே நடத்திவந்த இரு பகுதிகள் 1804-இல் ஒரே கோயம்புத்தூர் மாவட்டமாயின. 1815-இல் அதன் கலெக்டரான ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறி உதகையை உருவாக்கினார். அந்த மலையில் ஜக்கதளாவில் எழுந்த படைமுகாமுக்குப் பின்னர் ஆர்தர் வெல்லெஸ்லியின் பட்டப்பெயரே சூட்டப்பட்டது. இன்றைய வெலிங்டன் அதுதான். 1862-இல் சென்னை ரயில் பாதை போத்தனூரைத் தொட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியே மலபார்க் கரையில் பேப்பூர் வரை எட்டியது. கோயம்புத்தூர் நகரம் அந்தப் பாதையில் இல்லை. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போட்ட 1873-இல்தான் நகரத்துக்கு ரயில் வந்தது.